ஐந்து வயதும் அரை டிக்கெட்டும்

நம் ரயில்களில் ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டியதில்லை. ஐந்து நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம். தனிப் படுக்கை வேண்டும் என்றால் 2016 ஏப்ரல் 21 முதல் முழுக் கட்டணம். விதி இவ்வளவுதான். ஆனால் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் நாலே முக்கால் வயதிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு நன்றாகத் தெரியும்.

டிக்கெட் பரிசோதகர் அடுத்த பெட்டியிலிருந்து வருவது தெரிந்தவுடன் அம்மா குனிந்து பிள்ளையின் காதில் சொல்வாள்: "மாமா கேட்டா நாலு வயசுன்னு சொல்லணும், சரியா?" பிள்ளைக்குக் குழப்பம். போன மாதம்தானே ஐந்து மெழுகுவர்த்தி வைத்துக் கேக் வெட்டினோம்? இருந்தாலும் அம்மா சொன்னதைச் சொல்லிவிடும். பரிசோதகரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அப்பா சாமர்த்தியமாகப் பணத்தை மிச்சம் பிடித்துவிட்ட திருப்தியில் அடுத்த ஸ்டேஷனில் அந்தப் பிள்ளைக்கே பிஸ்கட் வாங்கிக் கொடுப்பார்.

இங்கே நடந்தது என்ன என்று கணக்குப் பாருங்கள். நமக்கு மிச்சம் ஒரு அரை டிக்கெட். பிள்ளைக்குக் கிடைத்ததோ மூன்று பாடங்கள். உண்மைக்கு ஒரு விலை உண்டு, அது அரை டிக்கெட் விலைதான் என்பது முதல் பாடம். சீருடை போட்டவர் கேட்டால் பொய் சொல்லலாம் என்பது இரண்டாவது. பொய் சொன்னால் பிஸ்கட் கிடைக்கும் என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் நாம் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பிக் கற்றுக்கொடுக்கவில்லை. மடியில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் தமிழ் ஆராதனை முடிந்தபின் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் சிறு பிள்ளைகளின் வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். நான்கு வயது முதல் பத்து வயது வரை உள்ள பிள்ளைகள். "பிள்ளைகளுக்கு நேர்மையை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், நம் மலருக்கு எழுதுங்களேன்" என்று சங்க நண்பர்கள் கேட்டார்கள். கிறிஸ்தவன் என்ற முறையில் நான் வேதாகமத்தை வைத்துத்தான் பேச முடியும். மற்ற சமயத்து அன்பர்களுக்கும் இதில் பயன்படக்கூடியது ஏதேனும் இருக்கும் என்று நம்புகிறேன். பிள்ளை வளர்ப்பில் நம் எல்லோருக்கும் கவலை ஒன்றுதானே!

கற்பனை என்ன சொல்கிறது?

பத்துக் கற்பனைகளில் பொய்ச்சாட்சியைத் தடுக்கும் கற்பனையை எங்கள் சபையில் ஒன்பதாவது என்று எண்ணுவோம். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் எட்டாவது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை முறைதான் வேறு, கற்பனை ஒன்றே.

ஆனால் அதைக் கூர்ந்து கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். பொதுவாகப் 'பொய் பேசாதே' என்று மட்டும் அது சொல்லவில்லை. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்வதைத் தடுக்கிறது. அதாவது பொய்யினால் அடிபடுகிற ஒரு மனிதனை நம் கண்முன்னே நிறுத்துகிறது. அந்தக் காலத்து இஸ்ரவேலில் இரண்டு மூன்று பேர் சாட்சி சொன்னால் ஒருவனுடைய உயிரே போய்விடும். அதனால்தான் பொய்ச்சாட்சி சொன்னவன் பிறனுக்கு என்ன தண்டனையை வாங்கித்தர நினைத்தானோ அதையே அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று உபாகமத்தில் சட்டம் இருக்கிறது.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நான் நாபோத்தின் கதையைச் சொல்வேன். நாபோத்துக்கு ஒரு திராட்சத் தோட்டம் இருந்தது. ஆகாப் ராஜா அதைக் கேட்டான். முன்னோர் சொத்து, தரமாட்டேன் என்று நாபோத் சொல்லிவிட்டான். ராணி யேசபேல் இரண்டு பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு செய்தாள். நாபோத் கல்லெறிந்து கொல்லப்பட்டான், தோட்டம் ராஜாவுக்குப் போனது. கதை முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன்: "அந்த ரெண்டு பேரும் பேசினது நாலு வார்த்தை. அதால யாருக்கெல்லாம் நஷ்டம்?" நாபோத்துக்கு, அவன் மனைவிக்கு, பிள்ளைகளுக்கு என்று சொல்லிக்கொண்டே போவார்கள். ஒரு சமயம் ஒரு சிறுமி, "கல்லெறிஞ்சவங்களுக்கும்தான் தாத்தா. அவங்க அது நிஜம்னு நம்பி எறிஞ்சிட்டாங்களே!" என்றாள். பிரசங்கத்தில்கூட நான் கேட்காத கருத்து அது.

'சாமி கண்ணைக் குத்தும்', 'இயேசப்பா மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்' என்று பயமுறுத்தி நேர்மையைப் புகட்டுவது நம் வீடுகளில் வழக்கம். தேவன் பார்க்கிறார் என்பது எங்கள் விசுவாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் போலீஸ்காரரைப் போலப் பார்க்கிறார் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை நாளடைவில் சுற்றுமுற்றும் பார்க்கக் கற்றுக்கொள்ளும். என் பொய்யினால் இன்னொருவருக்கு வலிக்கும் என்று புரிந்த பிள்ளை மட்டுமே, யாரும் பாராத இடத்திலும் யோசிக்கும்.

எது பொய், எது கற்பனை?

பெற்றோர் பலர் மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் பேச்சைக் கேட்டுக் கவலைப்படுகிறார்கள். "எங்க வீட்டு மாடியில யானை வந்துச்சு" என்று பிள்ளை சொன்னால் அது பொய்யல்ல, விளையாட்டு. "அப்படியா, யானைக்கு என்ன குடுத்தே?" என்று கேட்டுவிட்டுப் போகலாம். 'நான் உடைக்கலே' என்று டம்ளரை உடைத்த பிள்ளை சொல்வது வேறு. அது அடிக்குப் பயந்து வருவது. பிறர் மனதில் இருப்பது வேறு, தன் மனதில் இருப்பது வேறு என்று பிள்ளைக்கு விளங்கத் தொடங்கும் வயதில்தான் அந்தப் பொய்யும் வரும் என்று குழந்தை மனநூலார் சொல்கிறார்கள். ஆகவே முதல் பொய்யைக் கேட்டவுடன் பிள்ளை கெட்டுப்போய்விட்டது என்று தலையில் கைவைக்க வேண்டாம். கற்றுக்கொடுக்கும் காலம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இது சம்பந்தமாக இரண்டு ஆராய்ச்சிகளைக் குறிப்பிட வேண்டும். விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இருவகைப் பள்ளிகளைச் சேர்ந்த மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளைச் சோதித்து 2011இல் எழுதினார்கள். ஒன்று சிறு தவறுக்கும் அடி கொடுக்கும் பள்ளி. மற்றது அடிக்காத பள்ளி. ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சோதனை நடத்துபவர் வெளியே போவார். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டன. "பார்த்தாயா?" என்று கேட்டபோது அடிக்கிற பள்ளியின் பிள்ளைகளே அதிகமாகப் பொய் சொன்னார்கள். அந்தப் பொய்யைக் கெட்டிக்காரத்தனமாகக் காப்பாற்றவும் செய்தார்கள். அடி நேர்மையை வளர்க்கவில்லை, பொய் சொல்லும் திறமையைத்தான் வளர்த்திருக்கிறது.

காங் லீயும் அவரோடு சேர்ந்தவர்களும் 2014இல் இன்னொரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கதை சொல்லிவிட்டு இதே சோதனையை நடத்தினார்கள். 'புலி வருது' கதையைப்போல ஓநாய் வருகிறது என்று ஏமாற்றிய சிறுவனின் கதையும், பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையும் பலன் தரவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒப்புக்கொண்ட கதையைக் கேட்ட பிள்ளைகள்தான் உண்மையை ஒப்புக்கொள்ள அதிகம் முன்வந்தார்கள். முன்னிரண்டு கதைகளில் பொய்யனுக்குத் தண்டனை. மூன்றாவதில் உண்மை பேசியவனை அப்பா மெச்சுகிறார். அந்த மூன்றாவது கதையையே தண்டனையில் முடியும்படி மாற்றிச் சொன்னபோது அதன் பலனும் போய்விட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் செர்ரி மரக் கதை நடந்ததற்கு ஆதாரமில்லை. வீம்ஸ் என்ற பாதிரியார், வாஷிங்டன் இறந்து ஏழாண்டுகள் கழித்து, 1806இல் தம் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில் சேர்த்த கதை அது. உண்மை பேசச் சொல்லிக் கொடுக்கும் கதையே கட்டுக்கதை! ஆகவே நான் அதை வகுப்பில் சொல்வதில்லை. அதைவிட நல்ல கதைகள் என் கையில் இருக்கின்றன.

எந்தக் கதை, எந்த வயதில்?

வேதாகமத்தில் பொய்யர்களுக்கு நேர்ந்த கடும் முடிவுகள் உண்டு. எலிசாவின் வேலைக்காரன் கேயாசி, நாகமானிடம் பொய் சொல்லிப் பரிசு வாங்கி, குஷ்டரோகியானான். அனனியாவும் சப்பீராளும் நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டு அப்போஸ்தலர் முன்னால் விழுந்து இறந்தார்கள். இவை பெரியவர்களுக்கான பாடங்கள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் அனனியாவின் கதையைச் சொன்னால், அடுத்த முறை டம்ளர் உடைந்ததும் பிள்ளை சாகப்போகிறோம் என்று நடுங்கும். நான் இதை மேல் வகுப்புக்கு விட்டுவிடுகிறேன்.

சிறியவர்களுக்கு நான் முதலில் சொல்வது சிறுவன் சாமுவேலின் கதை. சீலோவில் வயதான ஆசாரியர் ஏலியின் பக்கத்தில் வளர்கிறான் அந்தப் பையன். ஒரு ராத்திரி அவனைப் பெயர் சொல்லி யாரோ கூப்பிடுகிறார்கள். ஏலி கூப்பிடுகிறார் என்று மூன்று முறை எழுந்து ஓடுகிறான். கூப்பிட்டது கர்த்தர் என்று ஏலிக்குத்தான் முதலில் புரிகிறது. இதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். படங்களில் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் சாமுவேலைப் பார்த்திருப்பார்கள். ஆனால் கதையின் பின்பாதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கர்த்தர் சொன்ன செய்தி என்ன? ஏலியின் குமாரர் தவறு செய்தார்கள், ஏலி அவர்களை அடக்கவில்லை, ஆகவே அந்தக் குடும்பத்துக்குத் தண்டனை வரும் என்பதே. தன்னை வளர்த்த தாத்தாவிடம் போய் இதை எப்படிச் சொல்வது? சாமுவேல் விடியும்வரை படுத்திருந்தான், காலையில் கதவுகளைத் திறந்தான், ஆனால் செய்தியைச் சொல்லப் பயந்தான். ஏலியே கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொல் என்று வற்புறுத்தினார். பையன் எல்லாவற்றையும் சொன்னான். ஏலி கோபப்படவில்லை. அவனை வெளியே துரத்தவில்லை. கர்த்தருடைய சித்தத்திற்குத் தலைவணங்கினார்.

இந்தக் கதையில் பிள்ளைக்கு ஒரு பாடம், பெரியவருக்கு ஒரு பாடம். ஏலியிடம் குறைகள் பல. ஆனால் கசப்பான செய்தியோடு வந்த ஒரு சிறுவனை அவர் நடத்திய விதத்தில் குறையில்லை.

நம்மவர் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு நிகழ்ச்சியும் இதே வகையைச் சேர்ந்ததுதான். காந்தியடிகள் பதினைந்து வயதில் தம் அண்ணன் கைக்காப்பிலிருந்து சிறிது தங்கத்தைத் திருடினார். மனம் உறுத்தவே, எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோய்ப்படுக்கையில் இருந்த தகப்பனாரிடம் கொடுத்தார். தகப்பனார் எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் காகிதத்தை நனைத்தது. கடிதத்தைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். 'சத்திய சோதனை'யில் காந்திஜி இதை எழுதியிருக்கிறார். அன்று அந்தத் தகப்பனார் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

சகேயுவின் கணக்கு

கையில் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும் நேர்மையில் சேர்ந்ததே. இதற்கு எரிகோ நகரத்துச் சகேயுவை விட நல்ல உதாரணம் இல்லை. ஆயக்காரன், பணக்காரன், குள்ளன். இயேசுவைப் பார்க்கக் காட்டத்தி மரத்தில் ஏறினான். இயேசு அண்ணாந்து பார்த்து, அவன் வீட்டில் தங்க வருவதாகச் சொன்னார். ஊரே முணுமுணுத்தது. அதன் பிறகே சகேயு, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னான். வரிசையைக் கவனியுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடு, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. முதலில் வீட்டுக்கு வந்தார். பிறகுதான் கணக்குத் தீர்ந்தது. இதுதான் நேர்மையைக் கற்பிப்பதில் கிறிஸ்தவ வழி என்று நான் புரிந்துகொண்டிருப்பது. நீ என் பிள்ளை என்பது முதலில். நீ செய்தது தவறு என்பது அடுத்து.

சகேயுவின் நான்கு மடங்குக்குப் பின்னால் ஒரு சட்டம் உண்டு. யாத்திராகமத்தின்படி திருடிய ஆட்டை விற்றவன் அல்லது அடித்தவன் நான்கு ஆடு கொடுக்க வேண்டும். மாடு என்றால் ஐந்து. திருடியது உயிரோடு அவன் கையில் அகப்பட்டால் இரண்டு மடங்கு. ஆனால் தன் தவறைத் தானே உணர்ந்து அறிக்கையிடுகிறவனுக்கு லேவியராகமமும் எண்ணாகமமும் விதிப்பது, எடுத்த முதலும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கும்தான். பிடிபட்டால் நான்கு மடங்கு, ஒப்புக்கொண்டால் ஐந்தில் ஒன்று கூடுதல். ஒப்புக்கொள்கிறவனுக்கு எவ்வளவு அகலமான வாசலைத் திறந்து வைத்திருக்கிறது பாருங்கள்! சகேயு தானாகவே முன்வந்தும் தனக்குத் திருடனின் கணக்கையே போட்டுக்கொண்டான்.

இந்தக் கணக்கு எங்கள் வகுப்பில் ஒருமுறை உண்மையாகவே தேவைப்பட்டது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன். அவன் தாய் ஞாயிறுதோறும் காணிக்கைக்குப் பத்து ரூபாய் கொடுத்தனுப்புவார். எங்கள் வகுப்பு நோட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் தொகை எழுதுவது வழக்கம். ஒருநாள் அந்த அம்மையார் தற்செயலாக நோட்டைப் பார்த்தார். மகன் பெயருக்கு எதிரில் ஐந்து வாரமாக இரண்டு ரூபாய்தான் இருந்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயா, இவனை எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் நிக்க வச்சுக் கேளுங்க. அப்பத்தான் புத்தி வரும்" என்றார்.

"வேண்டாம் அம்மா. வகுப்பு முடியட்டும்" என்றேன்.

நமக்குத் தெரிந்ததையே தெரியாததுபோல் பிள்ளையிடம் கேட்பது நல்லதல்ல. 'பத்து ரூபாயையும் போட்டாயா?' என்று கேட்டால் பொய் சொல்ல நாமே இடம் கொடுக்கிறோம். பிள்ளைகள் போனபின் அவனை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, "தம்பி, அம்மா குடுத்தது பத்து, இங்க வந்தது ரெண்டு. அது எனக்குத் தெரியும். மீதி என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லு" என்றேன். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "சமோசா, தாத்தா" என்றான்.

வாரம் எட்டு ரூபாய், ஐந்து வாரம், நாற்பது ரூபாய். இரண்டு வாரம் முன்புதான் சகேயுவைப் படித்திருந்தோம். "நாலு மடங்குன்னா நூத்தறுபதா தாத்தா?" என்று பயந்து கேட்டான். லேவியராகமத்தைத் திறந்து காட்டினேன். ஒப்புக்கொண்டால் நாற்பதும், அதில் ஐந்தில் ஒரு பங்கு எட்டும், ஆக நாற்பத்தெட்டு. பையன் யோசித்தான். "ஆனா நானா வந்து சொல்லலியே. நோட்டுல பார்த்துத்தானே கண்டுபிடிச்சாங்க. அப்ப ரெண்டு மடங்கு எண்பதுதானே?" என்றான்.

அதுவரை கோபமாக நின்றிருந்த தாய் இதைக் கேட்டதும் அவன் தலையில் கையை வைத்தார். நாற்பத்தெட்டு போதும் என்று அவரே முடிவு செய்தார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் பால் வாங்கி வருவதற்கும் வாரம் ஆறு ரூபாய் வீட்டில் பேசிக்கொண்டார்கள். எட்டு வாரம் தவறாமல் கொண்டுவந்து கட்டினான். கடைசி வாரம் நோட்டில் அவனையே எழுதச் சொன்னேன். மற்றப் பிள்ளைகளுக்கு இந்த விஷயம் தெரியாது. இதை எழுதலாமா என்று தாயிடமும் மகனிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாதீங்க தாத்தா" என்பது மட்டுமே அவன் நிபந்தனை.

கீமேனும் பிள்ளையும்

ரயில் பாதையில் கீமேன் என்றொரு ஊழியர் உண்டு. தன் பங்குப் பாதையைத் தினமும் காலால் நடந்து பார்ப்பது அவர் வேலை. போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றது. தோளில் சுத்தியலும் ஸ்பானரும், கையில் கொடிகளும் டெட்டனேட்டர்களும். குளிர்காலத்து விடியற்காலையில் இரும்பு சுருங்கும்போது தண்டவாளத்தில், அல்லது பற்றவைத்த இடத்தில், விரிசல் விடுவது உண்டு. அதைக் கண்டால் அவர் ஓட வேண்டும். அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும் 1200 மீட்டரில் மூன்றும் வைத்து வண்டியை நிறுத்த வேண்டும். சாத்பூரா மலைப் பக்கம் பனிமூட்டத்தில் அவர் நடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? பாதி தூரம் நடந்துவிட்டு உட்கார்ந்துகொண்டாலும் தெரியாது. இப்போது பல இடங்களில் ஜி.பி.எஸ். கருவி கொடுத்திருக்கிறார்கள். ஆள் எங்கே நடந்தார் என்று அது காட்டும். அவர் கண் தண்டவாளத்தில் இருந்ததா என்று காட்டாது. அந்த வண்டியில் படுத்துத் தூங்கும் ஆயிரம் பேரின் உயிர், முகம் தெரியாத ஒருவருடைய நேர்மையின்மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வேலையில் நான் கண்ட ஓர் உண்மை பிள்ளை வளர்ப்புக்கும் பொருந்தும். குறையைச் சொல்ல வருகிற ஆளைத் திட்டுகிற மேலதிகாரியின் பகுதியில் காகிதத்தில் குறையே இருக்காது. எல்லாம் சரி, எல்லாம் நலம் என்றே எழுதி வரும். பிறகு பாதையைப் பதிவுசெய்யும் வண்டி ஓடும்போது உண்மை வெளிப்படும். 'வந்து சொன்னாயே, நல்லது, வா பார்ப்போம்' என்கிற அதிகாரியின் பகுதியில் குறைகள் நிறைய எழுதப்பட்டிருக்கும். ஆனால் பாதை பத்திரமாக இருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு குறையும் சொல்லவில்லை என்றால், பெருமைப்படுமுன் நாம் எந்த வகை அதிகாரி என்று யோசித்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகள் கேட்கும் கடினமான கேள்வி

"நல்லதுக்காகப் பொய் சொல்லலாமா?" கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். எகிப்தில் எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள், நாங்கள் போவதற்குள் குழந்தை பிறந்துவிடுகிறது என்று சொல்லி உயிர்களைக் காப்பாற்றினார்கள். தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றும் வேதம் சொல்கிறது. ஆதி சபையின் பெரிய ஞானி அகஸ்டின், எந்த நிலையிலும் பொய் கூடாது என்று பொய்யைப் பற்றியே இரண்டு நூல்கள் எழுதினார். அந்த மருத்துவச்சிகளின் இரக்கத்துக்குப் பலன் கிடைத்ததே தவிர, பொய்க்கு அல்ல என்பது அவர் விளக்கம். வேறு கருத்துள்ள கிறிஸ்தவப் பெரியோரும் உண்டு. நம் வள்ளுவரோ, பிறருக்குத் துளியும் கேடு வராத நல்ல பலன் விளையுமானால் அந்தப் பொய்யை ஏற்றுக்கொள்கிறார்.

நான் பிள்ளைகளிடம் தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை. இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு ஒன்று மட்டும் கேட்பேன்: "அந்த மருத்துவச்சிங்க யாரைக் காப்பாத்தப் பேசினாங்க? நாம பொய் சொல்றப்ப பெரும்பாலும் யாரைக் காப்பாத்தப் பேசறோம்?" பதில் எல்லோருக்கும் தெரியும். பிறர் உயிருக்காகப் பொய் சொல்ல வேண்டிய கட்டாயம் நம் வாழ்நாளில் ஒருமுறை வந்தாலே அதிகம். நமக்காகச் சொல்லும் பொய்யோ தினமும் வருகிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

ஊருக்குக் கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டுப் பள்ளிக்குக் 'காய்ச்சல்' என்று கடிதம் எழுதுவது நம் வெளிமாநிலக் குடும்பங்களில் சாதாரணம். கடிதத்தைப் பையில் வைத்துக் கொண்டுபோவதே பிள்ளைதான். 'குடும்பத் திருமணம், ஊர் தூரம், ரயிலில் இடம் இந்தத் தேதிக்குத்தான் கிடைத்தது' என்று உள்ளதை எழுதிப் பாருங்கள். தலைமையாசிரியர் இரண்டு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அந்த இரண்டு வார்த்தையைப் பிள்ளையின் முன் நாம் கேட்டுக்கொள்வதே ஒரு பாடம்.

கைப்பேசியில், வீட்டில் உட்கார்ந்துகொண்டு 'பாதி வழியில் வந்துவிட்டேன்' என்று சொல்வதைப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை கேட்கிறது. கலிபோர்னியாவில் 2014இல் நடந்த ஓர் ஆராய்ச்சியில், பெரியவர் தங்களிடம் பொய் சொன்னதைக் கண்ட ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் பிறகு தாங்களும் அதிகம் பொய் சொன்னது தெரியவந்தது. ஊசி போடப் போகும்போது 'வலிக்காது' என்று சொல்லாமல், 'கொஞ்சம் வலிக்கும், நான் கையைப் பிடிச்சுக்கறேன்' என்று சொல்லலாம்.

பிள்ளை வேறொருவருடைய ரப்பரையோ பென்சிலையோ கொண்டுவந்தால், நாமும் கூடப்போய்த் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். தனியாக அனுப்ப வேண்டாம். சகேயுவின் வீட்டுக்கு இயேசு கூடத்தானே போனார்.

ராத்திரி ஜெபத்தில் பிள்ளைகளிடம் 'இன்றைக்கு என்ன தப்பு செய்தாய்?' என்று விசாரணை நடத்துவதைவிட, 'இன்றைக்குச் சொல்லக் கஷ்டமாயிருந்தும் உண்மையைச் சொன்னது ஏதாவது உண்டா?' என்று கேட்கலாம். பெற்றோரும் தங்கள் பங்குக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில நாள் ஒன்றும் இருக்காது. பரவாயில்லை.

நம் பிள்ளைகள் வேற்று மொழிப் பள்ளிகளில் படித்து, நாளை எந்தெந்த ஊருக்கோ வேலைக்குப் போகப் போகிறவர்கள். அங்கே அவர்களைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். குடும்பம், ஊர், சொந்தம் என்று சாட்சி சொல்ல ஆளில்லாத இடத்தில் அவர்கள் வார்த்தை ஒன்றுதான் அவர்களுக்குச் சாட்சி. உள்ளதை உள்ளதென்றும் இல்லாததை இல்லையென்றும் சொல்லிப் பழகிய நாக்கை அவர்களுக்குக் கொடுத்தனுப்ப நம்மால் முடியும். அதற்குச் செலவு அதிகமில்லை. அவ்வப்போது ஓர் அரை டிக்கெட், கசப்பான செய்தியோடு நம் முன் நிற்கும் பிள்ளையின் பேச்சை முடியும்வரை கேட்கும் பொறுமை, அவ்வளவே.